என் தங்கையின் கடைவாய்ப் பல்லுக்குள் என்ன வைத்தீர்கள்? பல் வேர் சிகிச்சை ஆய்வாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

பல் வேரில் சீழ் பிடித்தால் புதிதாக என்ன சிகிச்சை செய்யலாம் என்று ஆராய்கிற பல் மருத்துவப் பேராசிரியர்களுக்கும், அவர்களிடம் ஆய்வு செய்கிற எம்.டி.எஸ். என்கிற பல் மருத்துவ மேற்படிப்பு மாணவர்களுக்கும், அந்த ஆய்வுகளுக்கு அனுமதி தருகிற நெறிமுறைக் குழுக்களுக்கும்,

வணக்கம். தருமபுரி மாவட்டம் பாலக்கோடு பக்கம் சின்னதாக ஒரு மருந்துக்கடை வைத்திருக்கிறேன். டி.ஃபார்ம். படித்தவன். பதினாறு வருடமாக அதே கடை, அதே தெரு. தக்காளி மண்டிக்கு மூட்டை தூக்குபவர்கள், பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போய் வருபவர்கள், பால் ஊற்றிவிட்டு வருகிற பெண்கள், இவர்கள்தான் என் வாடிக்கையாளர்கள். காலையில் ஷட்டரைத் தூக்கும்போதே யாராவது ஒருவர் கன்னத்தில் கையை வைத்துக்கொண்டு படியில் உட்கார்ந்திருப்பார். "பல்லு நோவுதுண்ணா, ராத்திரி பூரா தூக்கமில்ல, எதனா ஒரு மாத்திர குடு." டாக்டர் சீட்டு இல்லாமல் ஆன்டிபயாடிக் தரமாட்டேன் என்று சொன்னால் சிலர் கோபித்துக்கொண்டு அடுத்த கடைக்குப் போய்விடுவார்கள். வலி மாத்திரையை வாங்கிக்கொண்டு போகிறவர்கள் பத்து நாளில் திரும்பி வருவார்கள், இந்தத் தடவை கன்னம் வீங்கியிருக்கும்.

மாத்திரை போட்டும் வலி ஏன் நிற்கமாட்டேன் என்கிறது என்று அவர்களுக்குச் சொல்லிச் சொல்லி எனக்கே ஒரு பாடம் மாதிரி ஆகிவிட்டது. சொத்தை உள்ளே போய் நரம்பும் ரத்தக் குழாயும் இருக்கிற சதையைத் தொட்டு, அந்தச் சதை செத்துவிட்டால் பல்லுக்குள் ரத்த ஓட்டமே கிடையாது. மாத்திரை ரத்தத்தில்தான் போகும், ரத்தம் போகாத இடத்துக்கு அது எப்படிப் போகும்? வெளியே தாடையில் இருக்கிற வீக்கத்தைக் கொஞ்சம் அடக்கும், உள்ளே கிருமி அப்படியே உட்கார்ந்திருக்கும். கதவைத் திறந்து உள்ளே போய்ச் சுத்தம் செய்யணும், இல்லை என்றால் பல்லையே எடுக்கணும். எங்கள் ஊரில் பெரும்பாலும் எடுத்துவிடுகிறார்கள். தனியாரிடம் ரூட் கெனால் என்கிற இந்த வேர் சிகிச்சையைச் செய்து மேலே கேப் போடுவதற்குச் சில ஆயிரம் ரூபாய் ஆகும், அதுவும் இரண்டு மூன்று தடவை போகணும், ஒவ்வொரு தடவையும் ஒரு நாள் கூலி போகும். பிடுங்குவது ஒரே வேளையில் முடிந்துவிடும். முப்பது வயதில் கீழ்க் கடைவாய்ப் பல் இரண்டும் இல்லாமல், களியை மட்டும் உருட்டி விழுங்கிவிட்டு, வேர்க்கடலையை இடித்துத் தின்கிற ஆட்களை எனக்குத் தெரியும்.

அதனால் நீங்கள் செய்கிற ஆராய்ச்சி எனக்கு வேண்டாத விஷயம் இல்லை. எங்களுக்குத்தான் அது முதலில் வேண்டும். எனக்குள்ள குறை வேறு. அது என் தங்கையிடமிருந்து ஆரம்பிக்கிறது.

மூன்று வருடத்துக்கு முன்னால் அவளுக்குக் கீழே வலது பக்கக் கடைவாய்ப் பல்லில் இதே தொந்தரவு வந்தது. ஒரு பெரிய நகரத்துப் பல் மருத்துவக் கல்லூரியில் ஆய்வுக்காக இலவசமாக வேர் சிகிச்சை செய்கிறார்கள் என்று யாரோ சொல்ல, விடியற்காலை பஸ்ஸைப் பிடித்துப் போனாள். சிகிச்சை செய்தது படித்துக்கொண்டிருக்கிற ஒரு பெண் டாக்டர். பொறுமையாக, வலிக்காமல் செய்ததாக இன்றைக்கும் நல்லவிதமாகத்தான் சொல்கிறாள், அதை இங்கே எழுதாமல் விட்டால் நியாயம் இல்லை. நாலு பக்கப் படிவத்தில் கையெழுத்து வாங்கினார்கள். வேருக்குள் வைக்கிற இரண்டு மருந்தில் எது நல்லது என்று பார்க்கிற ஆய்வு, அந்த அளவுக்குத்தான் அவளுக்குப் புரிந்தது. இரண்டு தடவை போய் முடித்துவிட்டு வந்தாள். வலி போய்விட்டது. ஆறாம் மாதம் எக்ஸ்ரே எடுக்க வரச்சொல்லியிருந்தார்கள். அந்த வாரம் தக்காளி பறிப்பு, ஆள் கிடைக்கவில்லை, அவள் போகவில்லை. கல்லூரியிலிருந்து ஒரு போன் வந்தது, மாடு கறந்துகொண்டிருந்தாள், எடுக்கவில்லை, அவள் திரும்பக் கூப்பிட்டபோது அந்தப் பக்கம் யாரும் எடுக்கவில்லை. அவ்வளவோடு முடிந்தது.

போன ஆடி மாதம் அதே பல்லுக்குக் கீழே ஈறில் ஒரு சின்னக் கொப்புளம். அமுக்கினால் சீழ். பக்கத்தில் இருக்கிற பல் டாக்டரிடம் நானே கூட்டிக்கொண்டு போனேன். எக்ஸ்ரே எடுத்து, அந்தச் சின்ன ஃபிலிமை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். வேர் இரண்டும் தெரிந்தது, உள்ளே வெள்ளைக் கோடாக அடைத்திருப்பது தெரிந்தது, பின்பக்க வேரின் நுனியில் மிளகு அளவுக்கு ஒரு கருப்பு, புண் இருக்கிற இடம். "உள்ள என்ன மருந்து வச்சிருக்காங்க, என்ன போட்டு அடைச்சிருக்காங்கன்னு எதாச்சும் சீட்டு இருக்காம்மா?" என்று கேட்டார். ரேஷன் அட்டை உறைக்குள் பத்திரமாக வைத்திருந்த ஓ.பி. சீட்டை என் தங்கை எடுத்து நீட்டினாள். அதில் ஒரு எண், தேதி, பல் எந்தப் பக்கம் என்பது, அவ்வளவுதான் இருந்தது.

கல்லூரிக்கு நான் போன் செய்தேன். அந்த மாணவி படிப்பை முடித்துவிட்டுப் போய்விட்டார், வேண்டுமானால் நேரில் வந்து எழுதிக் கொடுங்கள், பார்க்கிறோம் என்றார்கள்.

அந்தக் கேள்விக்குப் பதில் ஏன் தேவை என்பது உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். பழைய முறைப்படி கட்டா பெர்ச்சா என்கிற மரப்பால் பொருளை வைத்து அடைத்திருந்தால் அதைச் சூடு காட்டியும் மருந்து விட்டும் இளக்கி எடுத்துவிடலாம். இப்போது வந்திருக்கிற சிமென்ட் வகைப் பொருள் உள்ளே போய்க் கெட்டிப்பட்டிருந்தால் எடுப்பது ரொம்பக் கஷ்டம், தோண்டும்போது வேரே ஓட்டையாகிவிடலாம். உள்ளே இருப்பது என்ன என்று தெரியாமல் கை வைக்கிற டாக்டர் இருட்டில் கை வைக்கிறார். எங்கள் ஊரில் மாட்டுக்குக் காதில் மஞ்சள் வில்லை மாட்டுகிறார்கள், அதில் 12 இலக்க எண் இருக்கிறது, அதை வைத்து எந்தத் தடுப்பூசி எப்போது போட்டது என்று பார்த்துவிடலாம். ஆராய்ச்சிக்காக வாயைத் திறந்து காட்டிய ஒரு மனுஷிக்கு அந்த அளவுக்காவது ஒரு அட்டை வேண்டாமா?

ஆய்வு நடக்கும்போது யாருக்கு எந்த மருந்து என்பதை மறைத்து வைப்பது முறை என்று எனக்குத் தெரியும். தெரிந்துவிட்டால் டாக்டரின் கண்ணும் நோயாளியின் வாயும் ஒரு பக்கம் சாய்ந்துவிடும். சரி, மறையுங்கள். ஆனால் ஆய்வு முடிந்த அன்றைக்கே அந்த உறையைப் பிரித்து எங்களுக்கும் சொல்லுங்கள். எந்த மருந்து, எந்தப் பொருள், வேருக்குள் எத்தனை கால்வாய் கண்டுபிடித்துச் சுத்தம் செய்தீர்கள், கடைசியாக எடுத்த எக்ஸ்ரேயின் ஒரு நகல், நீங்கள் கல்லூரியை விட்டுப் போன பிறகும் யாராவது எடுக்கிற மாதிரி துறையின் ஒரு போன் எண். ஒரு அட்டையின் இரண்டு பக்கத்தில் அடங்குகிற விஷயம்தான். இந்தக் கடிதத்தில் நான் கேட்கிற முதல் காரியம் இதுதான்.

இதற்கு அப்புறம் நான் வேர் நோயைப் பற்றிக் கையில் கிடைத்ததை எல்லாம் படித்தேன். அதில் என்னைப் பிடித்து உட்காரவைத்தது 1965ல் அமெரிக்காவில் நடந்த ஒரு எலிச் சோதனை. ககேஹாஷி, ஸ்டான்லி, ஃபிட்ஸ்ஜெரால்டு என்று மூன்று பேர். ஒரு கிருமிகூட இல்லாமல் வளர்த்த எலிகள் ஒரு பக்கம், சாதாரண எலிகள் ஒரு பக்கம். இரண்டுக்கும் பல்லில் துளை போட்டு உள்ளே இருக்கிற சதையைத் திறந்து, மூடாமல் அப்படியே விட்டார்கள். தீனியெல்லாம் உள்ளே போய் அடைந்தது. சாதாரண எலிகளுக்குச் சதை அழுகிச் சீழ் பிடித்தது. கிருமி இல்லாத எலிகளுக்கோ சதை உயிரோடு இருந்ததோடு, திறந்த துளையை அடைக்கத் தானே மேலே பல்லின் கெட்டிப் பொருளாலேயே ஒரு மூடி கட்டிக்கொண்டது. சதை ஆறவே ஆறாது என்பதில்லை, கிருமிதான் அதை ஆறவிடுவதில்லை என்பது அன்றைக்குத் தெளிவாகிவிட்டது. அதற்கப்புறம் வந்த ஆராய்ச்சி எல்லாம் ஒருவிதத்தில் அந்தக் கிருமியை எப்படி முழுசாக வெளியேற்றுவது என்பதைச் சுற்றித்தான் என்று நினைக்கிறேன்.

அது லேசான வேலை இல்லை என்பதும் படிக்கும்போது புரிந்தது. வேருக்குள் இருப்பது நேரான குழாய் இல்லை. மெயின் கால்வாயிலிருந்து வயலுக்குக் கிளை வாய்க்கால் பிரிகிற மாதிரி பக்கவாட்டில் பிரிந்து போகிறது, அதற்கும் மேலே பல்லின் உள்சுவர் முழுக்கக் கண்ணுக்குத் தெரியாத நுண்குழாய்கள். கால்வாயைச் சுரண்டிச் சுத்தம் செய்கிற, கம்பி மாதிரி இருக்கிற ஃபைல் என்கிற கருவி எட்டாத இடம் எவ்வளவோ இருக்கிறது. அங்கே மருந்துத் தண்ணீர்தான் போகணும், சோடியம் ஹைப்போகுளோரைட், நாம் வீட்டில் தரை துடைக்கிற பிளீச்சிங் திரவத்தின் அதே சரக்கு, சிகிச்சைக்கு ஏற்ற அளவில். கிருமிகள் தனித்தனியாக மிதப்பதில்லை, பாசி பிடித்த மாதிரி சுவரில் படலமாக ஒட்டிக்கொள்கின்றன. சிகிச்சை செய்தும் தோற்றுப்போன பற்களில் என்டரோகாக்கஸ் ஃபீக்காலிஸ் என்கிற ஒன்று அடிக்கடி அகப்படுகிறதாம். 1920லிருந்து பல் மருத்துவத்தில் இருக்கிற கால்சியம் ஹைட்ராக்சைடு பசைக்குக்கூட அது அவ்வளவு சுலபமாக மசிவதில்லை. அதனால்தான் நீங்கள் நீலச்சாயம் விட்டு மேலே ஒளியைப் பாய்ச்சிப் பார்க்கிறீர்கள், மூன்று ஆன்டிபயாடிக்கை அரைத்து வைத்துப் பார்க்கிறீர்கள், அல்ட்ராசோனிக் அதிர்வில் மருந்துத் தண்ணீரைக் கலக்கிப் பார்க்கிறீர்கள். இதெல்லாம் தேவை. இதில் எதையும் நான் குறைத்துப் பேசவில்லை.

கேட்கிறது ஒன்றுதான்: யாருடைய பல்லில் பார்க்கிறீர்கள்?

ஆய்வுகளில் யாரைச் சேர்ப்பது, யாரை விலக்குவது என்று எழுதியிருக்கிற பகுதியை நான் திரும்பத் திரும்பப் படித்தேன். ஒற்றை வேர்ப் பல் மட்டும் போதும் என்று பல ஆய்வுகளில் இருக்கிறது. ஒரே கால்வாய், அளப்பது சுலபம், ஒப்பிடுவது சுலபம், காரணம் புரிகிறது. ஆனால் என் கடைப் படியில் உட்காருகிறவர்களுக்குப் பெரும்பாலும் நோவது கடைவாய்ப் பல், இரண்டு மூன்று வேர், மூன்று நாலு கால்வாய். சர்க்கரை நோய் இருந்தால் சேர்க்கமாட்டோம் என்கிறீர்கள். சர்க்கரை இருக்கிறவருக்கு வேர் நுனிப் புண் ஆறுவது தாமதமாகலாம் என்று நீங்கள்தான் எழுதுகிறீர்கள், அப்படியானால் புது மருந்து அவருக்கு வேலை செய்யுமா என்பதுதானே முதலில் தெரிய வேண்டியது? புகையிலை போடுகிறவர் வேண்டாம், தொடர்ந்து வரமுடியாதவர் வேண்டாம். இப்படிக் கழித்துக்கொண்டே வந்தால் கடைசியில் மிஞ்சுவது கல்லூரிக்குப் பக்கத்தில் குடியிருக்கிற, வேறு எந்த நோயும் இல்லாத, முன்பல்லில் சொத்தை வந்த ஒருவர். அவருக்கு நன்றாக ஆனது என்பதை வைத்து எங்கள் ஊர் டாக்டர் எங்கள் வாயில் என்ன முடிவெடுப்பார்?

எங்கள் மாவட்டத்துக்கென்று இன்னொன்று இருக்கிறது, அதை நீங்கள் யாரும் ஒதுக்கவே முடியாது. தண்ணீர். தருமபுரியிலும் கிருஷ்ணகிரியிலும் பல ஊர்களில் போர் தண்ணீரில் ஃப்ளூரைடு அதிகம். லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் போனால் ஆகாது என்பது கணக்கு. அதைக் குடித்துத்தான் நாங்கள் வளர்ந்தோம். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தின் பெயரிலேயே ஃப்ளூரைடு பாதிப்பைக் குறைக்கும் திட்டம் என்று சேர்த்துத்தான் வைத்தார்கள். ஜப்பான் நிதி உதவியோடு கட்டி 2013ல் தண்ணீர் விட்டார்கள். அதற்கு முன்னால் பிறந்து வளர்ந்த எங்கள் வாயில், பல் உருவாகும்போதே ஏறிய கறை அப்படியே இருக்கிறது. என் தங்கை சிரிக்கும்போது இன்னும் முந்தானையால் வாயை மறைப்பாள். பெண் பார்க்க வந்த இடத்தில் ஒருவர் பல்லைப் பற்றிக் கேட்டதிலிருந்து வந்த பழக்கம் அது.

கறை வெறும் கலர் இல்லை. பாதித்த எனாமல், அதாவது பல்லின் மேல்தோடு, அடைப்பதற்கு முன் தடவுகிற ஆசிடுக்குச் சீக்கிரம் இளகாது, அதனால் அடைப்பை ஒட்டவைக்கிற பசை சரியாகப் பிடிப்பதில்லை, அதிக நேரம் ஆசிட் வைக்கணும் என்று பல் டாக்டர்கள் சொல்கிறார்கள். மோசமாகப் பாதித்த பல்லில் மேற்பரப்பே குழி விழுந்து உதிரும். இதற்கும் வேர் சிகிச்சைக்கும் என்ன சம்பந்தம் என்றால், 1995ல் ரே, ட்ரோப் என்ற இரண்டு பேர் சிகிச்சை செய்த 1,010 பற்களின் எக்ஸ்ரேயைப் பார்த்து, உள்ளே வேரை அடைத்த தரம் எவ்வளவு முக்கியமோ அதைவிட மேலே மூடிய அடைப்பின் தரம் முக்கியமாக இருக்கலாம் என்று காட்டினார்கள். மேலே கசிந்தால் கிருமி மறுபடி உள்ளே இறங்கிவிடும். சரி, கறைப்பல்லில் அடைப்பு கசிகிறதா, எத்தனை வருடத்தில் கசிகிறது, எந்தப் பொருள் தாங்குகிறது? இதைப் பார்ப்பதற்கு எங்கள் மாவட்டத்தைவிடப் பொருத்தமான இடம் உங்களுக்கு எங்கே கிடைக்கும்? இன்னொன்றும் சொல்கிறேன். அந்த மூன்று ஆன்டிபயாடிக் பசையில் மினோசைக்ளின் இருந்தால் பல் கருத்துவிடும் என்பது தெரிந்த விஷயம். ஏற்கெனவே கறையோடு வாயை மூடிக்கொண்டு திரிகிற பிள்ளைக்கு அதை வைக்கும்முன் அந்தப் பிள்ளையிடமும் ஒரு வார்த்தை கேளுங்கள்.

இப்போது என் தங்கை போகாத அந்த ஆறாம் மாதத்துக்கு வருகிறேன். தப்பு அவள் பக்கமும் இருக்கிறது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் உங்கள் கட்டுரையில் அவள் தொடர் கண்காணிப்பிலிருந்து காணாமல் போனவர் என்று ஒரு எண்ணாக இருப்பாள். அவள் எங்கேயும் காணாமல் போகவில்லை. அதே வீடு, அதே போன் நம்பர், காலை ஐந்து மணிக்கு மாட்டுக்குப் பக்கத்தில் இருப்பாள். அவள் மாதிரி வராதவர்களில் எத்தனை பேருக்கு மறுபடி சீழ் வந்தது, எத்தனை பேர் வேறு இடத்தில் பல்லைப் பிடுங்கிக்கொண்டார்கள் என்று தெரியாமல் வந்தவர்களை மட்டும் வைத்து வெற்றி இத்தனை சதவீதம் என்று போட்டால் அந்தச் சதவீதத்தை நம்பி யார் மருந்து வாங்குவது?

எம்.டி.எஸ். மூன்று வருடப் படிப்பு. ஆய்வுக்கு அனுமதி வாங்கி, நோயாளி சேர்த்து, சிகிச்சை முடித்து, எழுதிக் கொடுக்கணும் என்றால் ஆறு மாதமோ ஒரு வருடமோதான் பின்னால் பார்க்க நேரம் இருக்கும். மாணவர்களைக் குறை சொல்லவில்லை. ஆனால் வேர் நுனிப் புண் ஆற ஒரு வருடம் பார்க்கணும், ஆறவில்லை என்றால் நாலு வருடம் வரைக்கும்கூடப் பார்க்கணும் என்று ஐரோப்பிய வேர் சிகிச்சைச் சங்கம் 2006லேயே சொல்லிவிட்டது. என் தங்கைக்குக் கொப்புளம் வந்தது மூன்றாம் வருடம். மாணவர் போனாலும் துறை அங்கேயேதான் இருக்கிறது. ஒரு மாணவர் சேர்த்தவர்களை அடுத்த மாணவர் பார்க்கட்டும், அவருக்கு அடுத்தவர் தொடரட்டும், அதையே ஒரு ஆய்வாக ஏற்றுக்கொள்ளுங்கள் என்று பேராசிரியர்களைத்தான் கேட்கிறேன்.

நோயாளியை உங்களிடம் வரவைப்பதற்குப் பதிலாக நீங்கள் வந்தால் என்ன? மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தை 2021 ஆகஸ்டில் தொடங்கிவைத்ததே எங்கள் பக்கத்துக் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில்தான். சர்க்கரைக்கும் பிரஷருக்கும் மாத்திரையை வீட்டு வாசலில் கொண்டுவந்து கொடுக்கிற அந்த அக்காக்கள் தெருவில் எந்த வீட்டில் யாருக்கு என்ன என்று விரல்நுனியில் வைத்திருக்கிறார்கள். பல் இருக்கிறதா, வலி உண்டா, அந்தப் பக்கம் மெல்லுகிறார்களா, ஈறில் கொப்புளம் உண்டா என்று நாலு கேள்வி கேட்கச் சொல்லிக் கொடுக்க எவ்வளவு நேரம் ஆகும்? எக்ஸ்ரே தேவைப்பட்டால் பாலக்கோட்டிலோ அரூரிலோ ஊத்தங்கரையிலோ எடுக்க வழி செய்யுங்கள். தமிழ்நாட்டில் அரசுப் பல் மருத்துவக் கல்லூரி என்றால் சென்னை, சிதம்பரம், புதுக்கோட்டை. மூன்றுமே எங்களுக்குப் பக்கம் இல்லை. தருமபுரியிலும் கிருஷ்ணகிரியிலும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகள் இருக்கின்றன, அங்கே மாதம் ஒரு நாள் உங்கள் ஆட்கள் உட்கார்ந்தால்கூடப் போதும். பஸ் செலவையும் போன கூலியையும் பங்கேற்பாளருக்குத் தரலாம் என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017 நெறிமுறைகளிலேயே இருக்கிறது. என் தங்கைக்கு அப்படி ஒன்று உண்டு என்று யாரும் சொல்லவில்லை. அனுமதி தரும்போது அந்த வரியையும் பட்ஜெட்டில் தேடிப் பாருங்கள் என்று நெறிமுறைக் குழுவில் இருப்பவர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

அப்புறம், எதை வெற்றி என்று எண்ணுகிறீர்கள்? எக்ஸ்ரேயில் கருப்பு எத்தனை மில்லிமீட்டர் சுருங்கியது என்பது உங்களுக்கு வேண்டும், சரி. எங்களுக்கு வேண்டியது பல் வாயில் இருக்கணும், அந்தப் பக்கம் மெல்லணும், கன்னம் வீங்கி வேலைக்குப் போகாத நாள் இருக்கக்கூடாது. பல் நிலைத்திருப்பதுதான் முதன்மையான அளவுகோல் என்று 2023ல் வந்த ஐரோப்பிய வழிகாட்டியிலும் வைத்திருக்கிறார்கள். மெல்ல முடிகிறதா என்பதை எங்களிடம் கேட்டு எழுதினால் போதும், அதற்குக் கருவி வாங்க வேண்டியதில்லை.

எந்தச் சிகிச்சையை ஆராய்வது என்பதிலும் ஒரு வேண்டுகோள். 2018ல் சீனாவில், அடிபட்டு முன்பல் செத்துப்போன பிள்ளைகளுக்கு அவர்களுடைய பால்பல்லிலிருந்தே உயிரணுக்களை எடுத்து வளர்த்து வேருக்குள் வைத்து, சதை மறுபடி வளர்ந்ததைக் காட்டினார்கள். படித்தபோது எனக்குக் கண் கலங்கியது, உண்மையாகத்தான் சொல்கிறேன், சைக்கிளிலிருந்து விழுந்து முன்பல் கருத்த எங்கள் தெருப் பையன் ஒருவன் ஞாபகத்துக்கு வந்தான். ஆனால் அது பாலக்கோட்டுக்கு வர எத்தனை காலமோ. ஈரானில் நடந்த ஒரு ஆய்வு எனக்கு அதைவிடப் பக்கத்தில் தெரிகிறது. தாங்கமுடியாத வலியோடு வந்த, சதை இன்னும் முழுசாகச் சாகாத கடைவாய்ப் பற்களில், வேர் வரைக்கும் தோண்டாமல் மேல்பகுதிச் சதையை மட்டும் எடுத்துவிட்டு, மேலே ஒரு சிமென்டை வைத்து மூடினார்கள். பல மையங்களில் 400 பேருக்கு மேல் சேர்த்து, பாதிப் பேருக்கு இது, பாதிப் பேருக்கு வழக்கமான ரூட் கெனால் என்று செய்து ஐந்து வருடம் பார்த்தார்கள். ரூட் கெனாலுக்கு இது குறைந்ததில்லை என்று 2015ல் எழுதினார்கள். ஒரே தடவையில் முடிகிற வேலை! ஒரு நாள் கூலியோடு போகிறது. சீழ் பிடிக்கும் கட்டத்துக்குப் பல் போவதற்கு முன்னாலேயே நிறுத்துகிற வழி. இது எங்கள் கறைப்பல்லில், எங்கள் அரசு மருத்துவமனைப் பல் பிரிவில் இருக்கிற டாக்டர் கையால் செய்தால் நிற்குமா என்று யாராவது பார்த்துச் சொல்லுங்கள். மருந்துக்கடைப் படியில் உட்காருகிறவரை நான் தைரியமாக அங்கே அனுப்புவேன்.

ஆன்டிபயாடிக் பற்றி, கடைக்காரனாக ஒரு வார்த்தை. பல்லைத் திறந்து சிகிச்சை செய்ய வழி இருக்கிறபோது, காய்ச்சலும் பரவுகிற வீக்கமும் இல்லாத பெரும்பாலான பல் வலிக்கு ஆன்டிபயாடிக் தேவையில்லை என்று அமெரிக்கப் பல் மருத்துவச் சங்கமே 2019ல் சொல்லிவிட்டது. இங்கே அமாக்சிசிலினும் மெட்ரோனிடசோலும் மிட்டாய் மாதிரி போகிறது. வேருக்குள் வைக்கிற பசையிலும் அதே மெட்ரோனிடசோல், அதே சிப்ரோஃப்ளாக்சசின். இங்கே இருக்கிற கிருமிக்கு அவை ஏற்கெனவே பழகிப்போயிருக்குமோ என்பது என் பயம். உங்கள் ஆய்வில் எங்கள் வாயிலிருந்து எடுக்கிற கிருமியை வளர்த்துப் பார்க்கிறீர்கள் அல்லவா, எந்த மருந்துக்கு அடங்குகிறது, எதற்கு அடங்கவில்லை என்று மாவட்ட டாக்டர்களுக்கும் ஒரு தாள் அனுப்புங்கள்.

கையெழுத்து வாங்குகிற படிவத்துக்கு வருகிறேன். தமிழில்தான் இருந்தது. ஆனால் "வேர்நுனிச் சுற்றுத்திசு அழற்சி" என்று எழுதினால் என் தங்கைக்கு என்ன புரியும், எனக்கே ஒரு தடவைக்கு இரண்டு தடவை படிக்கவேண்டியிருந்தது. "பல்லு வேரோட நுனியில சீழ் கோத்திருக்கு, அதுக்கு இரண்டு மருந்து இருக்கு, எது உங்களுக்கு வரும்னு நாங்களும் தேர்ந்தெடுக்கமாட்டோம், சீட்டு குலுக்கிப் போடற மாதிரி, வேண்டாம்னா எப்ப வேணா பாதியில விலகிக்கலாம், அதனால உங்க வைத்தியம் நிக்காது, எதாச்சும் ஆச்சுன்னா இந்த நம்பர்ல கூப்பிடுங்க" என்று யாராவது உட்கார்ந்து வாயால் சொல்லியிருந்தால் ஐந்து நிமிஷம் ஆகியிருக்கும். தேன்கனிக்கோட்டை, ஓசூர்ப் பக்கம் போனால் வீட்டில் தெலுங்கும் கன்னடமும் பேசுகிறவர்கள் நிறைய, அவர்களுக்கு அந்த மொழியில் சொல்லுங்கள்.

முடிவையும் சொல்லுங்கள். நாட்டில் நடக்கிற மருத்துவச் சோதனைகளைப் பதிவு செய்ய 2007லிருந்து ஒரு பதிவேடு இருக்கிறது, 2018 ஏப்ரலிலிருந்து முதல் நோயாளியைச் சேர்க்கும் முன்னாலேயே பதிவு செய்தாகவேண்டும், யார் வேண்டுமானாலும் இணையத்தில் பார்க்கலாம். நல்ல ஏற்பாடு. ஆனால் அது ஆங்கிலத்தில் இருக்கிறது, என் தங்கையின் ஆய்வு எது என்று கண்டுபிடிக்க எனக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கப் போனது, அப்படியும் உறுதியாகச் சொல்லமுடியவில்லை. படிவத்திலேயே அந்தப் பதிவு எண்ணைப் பெரிய எழுத்தில் போட்டுக்கொடுங்கள். ஆய்வு முடிந்ததும் என்ன தெரிந்தது என்று ஒரு பக்கம் தமிழில் எழுதி, சேர்ந்த எல்லோருக்கும் அனுப்புங்கள். புது மருந்து தோற்றுப்போயிருந்தால் அதையும் எழுதுங்கள். தோற்றது தெரியாவிட்டால் இன்னொரு ஊரில் இன்னொரு மாணவர் அதே மருந்தை இன்னொரு தங்கையின் பல்லில் வைப்பார்.

என் கடை வாசலில் ஒரு போர்டு இருக்கிறது, போலியோ சொட்டு மருந்து நாள், கண் பரிசோதனை முகாம் என்று எழுதிப் போடுவேன். உங்கள் முகாம் தேதியையும் எழுதிப் போடுகிறேன். யாரிடம் எந்தப் பல்லுக்கு என்ன செய்திருக்கிறது என்று ஒரு நோட்டில் குறித்து வைக்கவும் நான் தயார், அவர்கள் சம்மதித்தால். கடையில் எப்படியும் எல்லோரும் மாதம் ஒரு தடவை வந்துவிடுவார்கள்.

வியாழக்கிழமை என் தங்கையைக் கூட்டிக்கொண்டு அந்தக் கல்லூரிக்கு நேரில் வருகிறோம். ஓ.பி. சீட்டு கையில் இருக்கிறது, எண் அழியாமல்தான் இருக்கிறது. எங்கள் ஊர் டாக்டர் பல்லை இன்னும் தொடவில்லை, உங்கள் பதிலுக்காகத்தான் காத்திருக்கிறார்.

இப்படிக்கு,
பாலக்கோட்டுப் பக்கத்து மருந்துக்கடைக்காரன்